வலை கழற்றிய மாதங்கள்

பிப்ரவரியில் கடைசி ஆட்டம் தோற்ற மறுநாள், கோல் கம்பங்களிலிருந்து வலையைக் கழற்றிக் கொண்டுவந்து என் மேஜைக்குப் பக்கத்தில் போட்டுவிட்டுப் போவார்கள். புல்லும் மண்ணும் சிக்கிய அந்தக் குவியல் இரண்டு நாள் அங்கேயே கிடக்கும். மூன்றாம் நாள் நானே உதறி, மடித்து, பீரோ மேல் ஏற்றுவேன். அதிலிருந்து ஜூலை வரைக்கும், மாதுங்காவில் இருக்கும் எங்கள் கல்லூரிக்குப் பெண்கள் கால்பந்து அணி என்று ஒன்று கிடையாது. ஜெர்ஸி இருக்கும், பந்து இருக்கும், கம்பம் இருக்கும். அணி இருக்காது.

நான் அங்கே ஜிம்கானா குமாஸ்தா. பம்பாய்க் கல்லூரிகளில் விளையாட்டு அறைக்கு ஜிம்கானா என்று பெயர். பேர்தான் பெரிது, உள்ளே ஒரு மேஜை, மூன்று பீரோ, ஒரு கேரம் போர்டு, வியர்வை வாடை. பன்னிரண்டு வருஷமாக அந்த வாடையில்தான் என் மதியச் சாப்பாடு. பந்தை ஒரு தடவைகூட உதைத்ததில்லை. என் பாடு காகிதத்தோடு. ஆடுகிற ஒவ்வொருத்திக்கும் ஒரு எலிஜிபிலிட்டி ஃபார்ம் உண்டு. போட்டோ, பேர், அம்மா பேர், எந்த வகுப்பு, போன வருஷத்து மார்க் ஷீட், பிரின்சிபால் கையெழுத்து. அது யூனிவர்சிடிக்குப் போய் முத்திரையோடு திரும்பி வந்தால்தான் அவள் ஆட்டத்தில் இறங்கலாம். அதனால் அந்தப் பெண்களை எனக்கு ஆட்டத்தை வைத்துத் தெரியாது, பாஸ்போர்ட் போட்டோவை வைத்துத் தெரியும். சிரிக்காதே என்று ஸ்டூடியோக்காரர் சொல்லிவிட்ட முகங்கள்.

ஒரு அணி எப்படிக் கலைகிறது என்று யாராவது கேட்டால் என்னால் நாள்வாரியாகச் சொல்ல முடியும். முதலில் சத்தம் போகும். சீசனில் ஃபோனில் அணியின் வாட்ஸ்அப் குரூப் கொதித்துக்கொண்டே இருக்கும். யார் ஷூ யாரிடம், யாருக்கு முட்டியில் அடி, எந்த ரெஃபரிக்குக் கண் தெரியாது. மார்ச்சில் அது ரோஜாப்பூ போட்ட குட் மார்னிங்காகச் சுருங்கும். ஏப்ரலில் அதுவும் நிற்கும். இடது பக்கம் ஓடுகிறவள் அணுசக்தி நகர் குவார்ட்டர்ஸில் அப்பா கண் முன்னால் நுழைவுத் தேர்வுக்கு உட்கார்ந்துவிடுவாள். நடுவில் ஆடுகிறவள் செம்பூரில் ஒரு மாலில் செருப்புக் கடையில் நிற்பாள். ஒரு தடவை என் காலுக்கே அளவு எடுத்தாள், இரண்டு பேருக்கும் கூச்சம். கேப்டன் கொல்லத்துக்குப் போய் எடை ஏறித் திரும்புவாள். பையன்களின் அணிக்கு இந்தக் கலைதல் கிடையாது. அவர்களுக்கு நகருக்கு ஒரு டீம், சிமென்ட் தரையில் ராத்திரி டோர்னமென்ட், வாடகை டர்ஃப் என்று வருஷம் பூரா ஏதாவது ஓடும். பெண்களுக்குத்தான் பிப்ரவரியில் குழாயை மூடினாற்போல் நின்றுபோகும். அதிலும் மூன்றாம் வருஷத்துக்காரிகளுக்கு நின்றது நின்றதுதான்.

எங்கள் கோல்கீப்பர் மூன்றாம் வருஷத்துக்காரி.

தாராவியிலிருந்து நடந்தே வருவாள். அப்பாவுக்குப் பெல்ட் வெட்டும் பட்டறையில் வேலை, அம்மா சயானில் ஒரு நர்சிங் ஹோமில் ஆயா. இரண்டு பேரும் திருநெல்வேலிப் பக்கம். கீப்பருக்கு வேண்டிய உயரம் அவளுக்கு இல்லை. அந்தக் குறையைத் தொண்டையால் சரிக்கட்டுவாள். தடுப்பாட்டக்காரிகளை இந்தியில் ஏவுவாள், திட்டுவது மட்டும் சுத்தமான தென்னாட்டுத் தமிழில். "ஏட்டி, அங்க என்ன பிராக்கு பாக்கே" என்று அவள் கத்தினால், தமிழே தெரியாத குஜராத்திப் பெண் குலுங்கித் திரும்பி ஓடுவாள்.

மார்ச்சில் ஒரு மதியம். நான் ஷின் கார்டுகளை, காலில் கட்டும் தடுப்புகளை, ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தேன். இடது வலது பிரியாமல் ஒரு கூடை நிறையக் குவிந்து கிடந்தது. அவள் வாசலில் நின்று கேட்டாள்.

"மேடம், ஒரு பேப்பர் போச்சுன்னா பேர் காலேஜுலயேதான இருக்கும்? விளையாடலாம்லா?"

"இருக்கும். ஏ.டி.கே.டி.ன்னா டர்ம் போகாது. தாராளமா விளையாடலாம்."

நான் தலையைத் தூக்கவில்லை.

ஏ.டி.கே.டி. என்பது எங்கள் யூனிவர்சிடியின் ஒரு தயவு. ஒன்றிரண்டு பேப்பரில் கோட்டை விட்டாலும் அடுத்த வகுப்புக்குப் போகலாம், விட்டதைப் பின்னால் எழுதிக்கொள்ளலாம். பேர் பதிவேட்டில் இருக்கும், ஆடத் தடையில்லை. முதல் வருஷமும் இரண்டாம் வருஷமும் மார்ச் மாதம் முழுக்க வந்து இதைத்தான் கேட்கும். நானும் இதைத்தான் சொல்வேன். மூன்றாம் வருஷத்துக்கு இது பொருந்தாது, ஏனென்றால் அவர்களுக்கு அடுத்த வகுப்பு என்று ஒன்று இல்லை. கடைசிப் பரீட்சையில் ஒரு பேப்பர் போனால் அவள் வெளியாள். அக்டோபரில் வெளியாளாக வந்து எழுதிவிட்டுப் போகலாம், அவ்வளவுதான். பதிவேட்டில் பேர் இல்லை, ஃபார்ம் இல்லை, முத்திரை இல்லை. கேட்டது யார் என்று ஒரே ஒரு தடவை நிமிர்ந்து பார்த்திருந்தால் எனக்கு வேறு பதில் வந்திருக்கும். ஷின் கார்டில் ஒரு இடது குறைந்தது. அதைத் தேடிக்கொண்டிருந்தேன்.

கல்லூரியில் இரண்டு வகை ஆட்கள், வெகேஷன் உள்ளவர்கள், இல்லாதவர்கள். வாத்தியார்களுக்கு உண்டு. குமாஸ்தாக்களுக்கு இல்லை. மே மாதம் நான் மட்டும் ஜிம்கானாவில் உட்கார்ந்திருப்பேன். யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள். மைதானத்தில் எட்டு மணிக்குக் கிரிக்கெட் கேம்ப் குழந்தைகள் வருவார்கள், அவர்களுக்குத் தனி ஆட்கள். பகல் இரண்டு மணிக்கு வெயில் ஜன்னல் கம்பிகளைத் தரையில் நீட்டும், நான்கு மணிக்குச் சுவரில் ஏற்றும். அதைப் பார்த்துக்கொண்டிருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளமோ என்று தோன்றும். செம்பூர் வீட்டிலும் இதே கதைதான், ஃபேன் மட்டும் வேறு. அம்மா போன பிறகு சமையல் ஒரு டம்ளர் அரிசியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமையென்றால் தொண்டையைச் செருமி, குரல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வேன். சில திங்கட்கிழமைகளில் குர்லாவில் வண்டி மாறும்போது, "நெக்ஸ்ட் சயான்?" என்று யாராவது கேட்டு, "ஆமாம்" என்பதுதான் இரண்டு நாளில் நான் பேசிய முதல் வார்த்தையாக இருக்கும்.

ஏப்ரல் கடைசியில் பரீட்சை முடிந்தது. மூன்றாம் வருஷத்துக்காரிகள் சாமான்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போக வேண்டும். எல்லோரும் வந்தார்கள். கீப்பரும் வந்தாள், வெறும் கையோடு.

"க்ளவுஸ் எங்கேடி?"

"இருக்கட்டும் மேடம். என்ன அவசரம்."

"எனக்கென்ன. கையெழுத்து உனக்குத்தான் வேணும்."

"வேண்டாம் மேடம். காலைல கிரவுண்டு சும்மாதான கெடக்கு? கிரிக்கெட் பிள்ளைய எட்டு மணிக்குத்தான வரும். நான் ஆறரைக்கு வாரேன்."

"தனியா வந்து என்ன பண்ணப்போறே?"

"தனியா எப்படிப் பிடிக்க? யாராச்சும் எறியணும்லா." என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னைப் பார்க்காதே. எனக்குக் கை தோளுக்கு மேல போகாது."

"கீழயே எறிங்க. கீழ வாரதுதான் எனக்கு வீக்கு."

நாற்பத்தெட்டு வயதில் அப்படித்தான் முதல் தடவை மைதானத்தில் இறங்கினேன். செருப்பைக் கோட்டுக்கு வெளியே விட்டேன், கோயில் வாசலில் விடுகிற மாதிரி. அவள் சிரித்தாள். வலையில்லாத கோலுக்கு முன்னால் குனிந்து, இரண்டு உள்ளங்கையையும் தட்டி, "ம், போடுங்க" என்றாள். போட்டேன். பந்து அவள் வரைக்கும் போகவே இல்லை.

"மேடம், கறிவேப்பில போடுத மாதிரி போடுதீங்க. கோவமா போடுங்க."

"யார் மேல கோபப்படறது இந்தக் காலங்கார்த்தால?"

"பிரின்சிபால நெனச்சுக்கோங்க."

நினைத்துக்கொண்டேன். போயிற்று.

அதற்குப் பிறகு தினமும். ஐந்தரைக்கு வீட்டை விட்டுக் கிளம்புவேன். வண்டியில் மீன்காரிகளும் தூக்கம் கலையாத நைட் ஷிஃப்ட்காரர்களும் இருப்பார்கள். நான் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டு, இன்றைக்கு இடது மூலைக்கு எறிய வேண்டும், தரையோடு எறிய வேண்டும் என்று மனசுக்குள் கணக்குப் போடுவேன். மே பாதியில் எனக்குத் தோள் இறுக்கம் விட்டுவிட்டது. பந்து தரையில் ஒரு தடவை குத்தி எழும்பிப் போனால் அவளுக்குச் சிரமம் என்று கண்டுபிடித்தேன், அதையே திரும்பத் திரும்பச் செய்தேன். "சதி பண்ணுதீங்க" என்பாள். புழுதியோடு எழுந்து, "இன்னொண்ணு" என்பாள். ஏழே முக்காலுக்கு முதல் கிரிக்கெட் குழந்தை அம்மாவின் ஸ்கூட்டரில் வந்து இறங்கும். அதற்குள் கேட்டுக்கு வெளியே கட்டிங் சாய், அரை கிளாஸ் டீ, குடித்துக்கொண்டிருப்போம்.

"முலுண்ட்ல ஒரு கால் சென்டர்ல அப்பா சொல்லி வச்சிருக்காவ. ஜூலைல சேரணுமாம். டிகிரி கேக்கான்" என்றாள் ஒரு நாள்.

"நல்லதுதானே."

"ஏசி இருக்குமாம்." சாயை ஊதினாள். "பையனுவளுக்கு எங்க போனாலும் ஒரு டீம் கெடச்சிரும் மேடம். எனக்கு இந்தக் கேட்டுக்கு உள்ள மட்டும்தான் ஃபுட்பாலு. கேட்டத் தாண்டுனா நான் துப்பட்டா போட்ட ஒரு பிள்ளை. ஏரியால ஒரு பயலுக்கும் தெரியாது, நான் டைவ் அடிப்பேன்னு."

"அப்புறம் எதுக்கு இத்தனை பயிற்சி? எல்லாம்தான் முடிஞ்சாச்சே."

"பழக்கம் விட்டுரக் கூடாதுல்லா" என்று சொல்லிவிட்டுக் கிளாஸை வைத்தாள்.

நான் மேலே கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று இப்போது தெரிகிறது. அப்போது எனக்கு வேண்டியிருந்தது ஆறரை மணி. என் பேரைச் சொல்லிக் கூப்பிடாவிட்டாலும் என்னை எதிர்பார்த்து ஓர் ஆள் ஓரிடத்தில் நிற்கிறது என்பது. அதைக் கேள்வி கேட்டுக் கெடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

ஜூனில் மழை பிடித்தது. கிரிக்கெட் கேம்ப் கலைந்தது. மைதானம் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் சேறாகியது. மாதக் கடைசியில் ஒரு காலை அவள் குடையில்லாமல் ஓடி வந்தாள். கையில் நியூஸ் பேப்பரில் சுற்றிய இரண்டு வடா பாவ்.

"மேடம், ரிசல்ட் வந்துட்டு."

"என்ன ஆச்சு?"

"எகனாமிக்ஸ் போச்சு. ஒண்ணே ஒண்ணு. கரெக்டா ஒண்ணு." அவள் முகத்தில் பெனால்ட்டி பிடித்த சந்தோஷம். "அன்னைக்கு ஹால்ல சீட் நம்பர் மட்டும் எழுதுனேன். அரை மணி நேரம் ஃபேனப் பாத்துக்கிட்டு இருந்தேன். சூப்பர்வைசர் மேடம் வந்து, க்யா ஹுவா பேட்டான்னு கேட்டாவ. தலைவலின்னேன். குடுத்துட்டு வந்துட்டேன். இன்னும் ஒரு வருசம் மேடம். இந்தத் தடவ நான் பிடிப்பேன் பாருங்க. நீங்கதான சொன்னீங்க, பேரு இருக்கும்னு."

எனக்கு எல்லாம் ஒரே நொடியில் தெரிந்தது. வாசலில் நின்ற குரல், ஷின் கார்டு கூடை, நான் தூக்காத தலை. மழை பெய்துகொண்டிருந்தது. அவள் வடா பாவை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"சாப்பிடு, ஆறிடப் போறது" என்றேன்.

இதை எழுதும்போது கை நிற்கிறது. மார்ச்சில் நான் சொன்னது கவனக்குறைவு. அதற்கு ஏதாவது சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். இதற்கு இல்லை. அன்றைக்கே சொல்லியிருந்தால் அவள் அன்றைக்கே அழுதிருப்பாள், அடுத்த நாள் வந்திருக்க மாட்டாள். அந்த இரண்டாவது விஷயம்தான் என் வாயைக் கட்டியது. நாளைக்குச் சொல்லலாம் என்று வைத்தேன். நாளைக்கும் ஆறரை மணி இருந்தது. மழையில் பந்து சோப்பாக வழுக்கியது. நான் எறிவேன், அவள் வயிற்றோடு அணைத்துச் சேற்றில் பத்தடி சறுக்கிக்கொண்டு போவாள், படுத்தபடியே வாய்விட்டுச் சிரிப்பாள். நானும் சிரித்தேன். ஒரு நாள் வழுக்கி விழுந்தேன். அவள் ஓடி வந்து, "மேடம், உங்களுக்கு ஃபவுல் கெடையாது, எந்திங்க" என்று தூக்கிவிட்டாள். ஒன்பது நாள் அப்படி. என் வாழ்க்கையில் நன்றாக இருந்த காலைகளை எண்ணச் சொன்னால் இந்த ஒன்பதைத்தான் முதலில் எண்ணுவேன். அதுதான் வெட்கமாக இருக்கிறது.

கோச் செம்பூரில் வெயில் காலத்துக்குக் குழந்தைகள் கேம்ப் நடத்துகிறவர், எங்களுக்கு ஜூலையிலிருந்து பகுதி நேரம். ஃபோன் செய்து லிஸ்ட் கேட்டார். கீப்பர் போய்விட்டாளே, புதுப் பெண் யாராவது தேறுவாளா என்று இந்தியில் விசாரித்தார். பார்க்கிறேன் என்றேன். போய்விட்டாளே என்று அவர் எவ்வளவு சுலபமாகச் சொல்கிறார் என்று பொறாமையாக இருந்தது.

ஒன்பதாம் நாள் பயிற்சி முடிந்து நான் மேஜையில் உட்கார்ந்ததும் அவள் உள்ளே வந்தாள். முகம் கழுவி, தலை சீவி, கையில் கல்லூரி ஆபீஸிலிருந்து வாங்கிய எலிஜிபிலிட்டி ஃபார்ம். கூடவே ஒரு சின்னக் கவரில் புது பாஸ்போர்ட் போட்டோக்கள். அதில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"எப்படி இருக்கு? அந்த ஆளு சிரிக்காதன்னான். நான் சிரிச்சுட்டேன்." பேனாவை எடுத்து என் மேஜையிலேயே குனிந்து எழுத ஆரம்பித்தாள். பேர். அம்மா பேர். பிறந்த தேதி. பேனா நின்றது. "மேடம், கிளாஸ்னு இருக்க எடத்துல என்ன எழுத? தேர்ட் இயர்னே எழுதவா?"

"ஒண்ணும் எழுதாதே."

"ஏன்?"

"நீ இப்போ எந்தக் கிளாஸும் இல்லை." குரல் எனக்கே கேட்கவில்லை, திரும்பச் சொன்னேன். "பேப்பரை அக்டோபர்ல வெளியிலேர்ந்து எழுதலாம். பதிவேட்டுல பேர் கிடையாது. விளையாட முடியாது. மார்ச்ல நான் சொன்னது முதல் வருஷத்துக்கும் ரெண்டாம் வருஷத்துக்கும். நீன்னு பார்க்காம சொல்லிட்டேன்."

அவள் ஃபார்மையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் காலிக் கட்டம் ஒரு விரற்கடை அகலம் இருக்கும்.

"எப்ப இருந்து தெரியும்?"

"என்ன?"

"இது எனக்கு ஆவாதுன்னு. எப்ப இருந்து தெரியும் உங்களுக்கு?"

"ரிசல்ட் வந்த அன்னிக்கு."

"அப்ப இத்தன நாளு?"

பேனாவுக்கு மூடியைப் போட்டு மேஜையில் வைத்தாள். போட்டோக் கவரை மறந்துவிட்டுப் போனாள், அல்லது வேண்டாமென்று விட்டுப் போனாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மைதானத்துக் குறுக்கே போகாமல் ஓரமாகவே நடந்து கேட்டைத் தாண்டினாள். சாயங்காலம் வாட்ஸ்அப் குரூப்பில் அவள் நம்பரோடு ஒரு சாம்பல் நிற வரி, வெளியேறிவிட்டார் என்று. அந்த வாரம் குரூப் உயிர் பெற்றுக்கொண்டிருந்த வாரம். அந்த வரிக்கு மேலே இருபது ரெயின்கோட் விசாரணைகள், கீழே நாற்பது. யாரும் எதுவும் கேட்கவில்லை. மூன்றாம் வருஷத்துக்காரி போவாள்தானே.

மறு பரீட்சைக்குப் பணம் கட்டக் கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் ஃபோன் எடுக்கவில்லை. ஆபீஸில் வாங்கி வைத்திருந்த படிவத்தை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை தாராவிக்குப் போனேன். விலாசம் பழைய ஃபார்மில் இருந்தது. சந்துக்குள் மூன்று பேரிடம் கேட்டு, இரும்பு ஏணி ஏறி, கதவைத் தட்டினேன். அம்மா திறந்தாள். நர்சிங் ஹோம் சேலையோடு, வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தாள். காலேஜ் மேடம் என்று சொன்னதும் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"வாங்க மேடம், வாங்க. பிள்ளைக்கு ரிசல்ட் வந்துட்டா? கேட்டா லேட்டுங்கா, லேட்டுங்கா. முலுண்ட்காரன் தெனம் ஃபோன் அடிக்கான்."

உள்ளே சுவரோரம் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் என்ன சொல்வேன் என்று பார்க்கிறாள் என்று தெரிந்தது.

"வந்துட்டும்மா" என்றாள் அவளே. "ஒரு பேப்பர் போச்சு."

அம்மா ஏணிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அங்கே பார்த்தபடியே, "படிச்சல்லா, ஏட்டி?" என்றாள்.

"படிச்சேன். வரல."

"ஒங்கப்பாட்ட நீயே சொல்லு. நான் சொல்ல மாட்டேன்." பிறகு என்னிடம், "மேடம், ஒரு பேப்பர்தான. திரும்ப எழுதிரலாம்லா?"

"எழுதலாம்மா. அக்டோபர்ல. ஃபார்ம் கொண்டுவந்திருக்கேன்."

"நீங்களாச்சும் வீடு தேடி வந்திய" என்றாள் அந்த அம்மா. தண்ணீர் கொடுத்தாள், குடை எடுத்தாள், இறங்கிப் போனாள்.

இரண்டு பேர் மட்டும் இருந்தோம். நான் தயார் செய்துகொண்டு வந்ததைச் சொன்னேன். தப்பு என்னுடையது, உன் அம்மாவிடமும் அப்பாவிடமும் நானே சொல்கிறேன், மார்ச்சில் நான் தலையைத் தூக்கியிருந்தால் இது நடந்திருக்காது.

"அதச் சொல்லாதீங்க" என்றாள். "உங்க ரூம் வாசல்ல ரூல் ஒட்டியிருக்குல்லா, இங்கிலீஷ்ல. அத நான் அன்னைக்கே படிச்சேன். தேர்ட் இயருக்குக் கெடையாதுன்னுதான் போட்டிருந்துச்சு. அதுக்கப்புறம்தான் உங்ககிட்ட கேட்டேன். நீங்க ஆடலாம்னீங்க. பேப்பர்ல ஆயிரம் எழுதுவான், மேடத்துக்குத் தெரியாதான்னு நெனச்சேன்."

கீழே யாரோ மிக்ஸியை ஓட்டினார்கள். நின்றது.

"அது போவட்டும். பரீட்சைல எழுதாம வந்தது நாந்தான், நீங்க இல்ல. மத்தது சொல்லுங்க. அந்த ஒம்பது நாளு. எனக்காக எறிஞ்சீங்களா, உங்களுக்காகவா?"

பொய் சொல்ல இடம் இருந்தது. உனக்கு எப்படிச் சொல்வதென்று தெரியாமல் என்று ஆரம்பித்திருக்கலாம்.

"எனக்காக" என்றேன்.

தலையை ஆட்டினாள். கோபமாக இருந்த மாதிரி தெரியவில்லை. ஸ்கோரை யாரோ சொல்லி உறுதிப்படுத்தின மாதிரி இருந்தது. படிவத்தை வாங்கித் தரையில் வைத்துக் குனிந்து எழுதினாள். கட்டங்கள் எல்லாவற்றுக்கும் அவளிடம் பதில் இருந்தது. எகனாமிக்ஸ் என்று எழுதும்போது மட்டும் எழுத்து பெரிதாக வந்தது.

பஸ் ஸ்டாப் வரைக்கும் கூட வந்தாள். வேண்டாம் என்றேன், ஏரியா உங்களுக்குத் தெரியாது என்றாள். செம்பூர் பஸ் வர நேரமாயிற்று. ஸ்டாப்புக்குப் பக்கத்தில் நாலைந்து பையன்கள் தேங்கிய தண்ணீரில் பந்தை அடித்துக்கொண்டிருந்தார்கள். பந்து எங்கள் பக்கம் உருண்டு வந்தது. அவள் காலை நகர்த்திக்கொண்டாள். ஒரு பையன் வந்து எடுத்துப் போனான்.

"புது கீப்பரு யாரு?"

"ஒரு ஃபர்ஸ்ட் இயர். வாலிபால் ஆடறவ. உயரமா இருக்கா."

"சரி" என்றாள். பஸ் வரும் பக்கம் பார்த்துக்கொண்டே, "நான் நின்ன பெறவும், நேத்து வரைக்கும் நீங்க ஆறரைக்குப் போனீங்களா?" என்று கேட்டாள்.

"போனேன்."

"எதுக்கு?"

பஸ் வந்தது. கை காட்டி நிறுத்தினாள்.

"அக்டோபர்ல எழுதிருவேன் மேடம். அதுவரைக்கும் ஃபோன் பண்ணாதீங்க. எழுதிட்டு நானே பண்ணுதேன்."

நான் பண்ணவில்லை. ஜூலை போயிற்று, ஆகஸ்ட் போயிற்று. ஃபார்ம்கள் முத்திரையோடு திரும்பி வந்தன. ஜிம்கானாவில் சத்தம், ஈரச் சாக்ஸ், சண்டை, சிரிப்பு, கதவை யாரும் தட்டாமலே திறந்துகொண்டு வருகிறார்கள். மார்ச்சிலிருந்து நான் காத்திருக்கிற சத்தம்தான் இது. வருஷா வருஷம் இது வந்ததும் எனக்குக் காய்ச்சல் விட்ட மாதிரி இருக்கும். இந்த வருஷம் விடவில்லை.

அவள் பேப்பர் ஒரு வியாழக்கிழமை. பத்தரையிலிருந்து ஒரு மணி வரை. அணிக்கும் அன்றைக்கு வேறொரு கல்லூரி மைதானத்தில் ஆட்டம், எல்லோரும் காலையிலேயே போய்விட்டார்கள். ஃபோனை மேஜையில் திரை தெரிய வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டுக்கு ஒரு தடவை சார்ஜ் பார்த்தேன். ஒன்று ஆயிற்று. ஹாலை விட்டு வெளியே வர, பையை எடுக்க, ஃபோனை ஆன் செய்யப் பத்து நிமிஷம் ஆகும் என்று எண்ணிக்கொண்டேன். ஒன்றே காலுக்கு அடித்தது. கோச்.

"ஜீத் கயே, மேடம்." ஜெயித்துவிட்டார்கள். பின்னால் பெண்கள் கத்துகிற சத்தம், விசில், யாரோ பாட்டிலைத் தட்டுகிறார்கள். புதுப் பெண் இரண்டு பெனால்ட்டி பிடித்தாளாம், உயரம் உயரம்தான் என்று ஆரம்பித்தார். ஃபோனை ஸ்பீக்கரில் போட்டிருப்பார் போல, மேடம் மேடம் என்று எல்லோரும் சேர்ந்து கூப்பிட்டார்கள்.

"ரொம்ப சந்தோஷம் சார்" என்றேன். "அப்புறம் பேசறேன். எனக்கு ஒரு கால் வரணும், லைன் ஃப்ரீயா இருக்கணும்."